இறந்தவர் உடனடியாகத் தகவல் தரவும்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவில் முதலில் கேட்கிற கேள்வி, "எப்ப எடுக்கிறாங்க?" என்பது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிட்டார்கள்: "எடுக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு எழுதிக் கொடுத்தாச்சா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தியாவில் காலங்காலமாக விற்கப்பட்டு வரும் தனிநபர் விபத்துப் பாலிசியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பாலிசிதாரர் இறந்துபோனால், நியாயமான காரணம் காட்டினாலொழிய, புதைப்பதற்கோ எரிப்பதற்கோ முன்பாகவே கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எப்படிப் போனாலும் ஒரு மாதத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. கண் பார்வை போனாலும் கை, கால் துண்டாகிப் போனாலும் அதே ஒரு மாதக் கெடுதான், அதுவும் எழுத்தில். பார்வை போனவர் எதைப் பார்த்து எழுதுவார், கை போனவர் எதைக் கொண்டு எழுதுவார் என்ற விவரம் அந்தப் பொடி எழுத்தில் இல்லை.

ஆகவே நம் சடங்கு முறைகளில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. நீர்மாலை எடுத்து வந்த பிறகு, வாய்க்கரிசி போடுவதற்கு முன்னால், வீட்டில் நாலு எழுத்துப் படித்த பிள்ளை ஒருவன் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். "ஐயா, மேற்படி பாலிசிதாரர் இன்று காலை காலமாகிவிட்டார். மாலை நாலு மணிக்கு எடுப்பதாக இருக்கிறோம். தங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்" என்று எழுதி, கிளை மேலாளருக்குக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு பறையடிக்கலாம், பூப்போடலாம். ஞாயிற்றுக்கிழமை சாகிறவர்கள் தங்கள் குடும்பத்துக்குப் பெரிய துரோகம் செய்கிறார்கள். அன்றைக்கு அலுவலகம் கிடையாது.

செத்தவர் பாடு இப்படியென்றால் பிழைத்தவர் பாடு கொஞ்சம் மேல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வகுத்துக் கொடுத்து எல்லாக் கம்பெனிகளும் விற்கிற ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அதற்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் டிஸ்சார்ஜுக்கு முன்னால். நாள் பார்த்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்கூட்டியே. மயங்கிக் கிடப்பவர் போன் செய்ய முடியாது. செய்ய வேண்டியது ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மனைவி. அவளுக்கு அந்தப் பாலிசி பீரோவின் எந்தத் தட்டில் இருக்கிறதென்று தெரியாது. அப்படியொரு பாலிசி இருப்பதே பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது. ஆண்பிள்ளை சமாசாரம் என்று அதைப் பூட்டி வைத்தவர்தான் உள்ளே மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார்.

தகவல் கேட்பதே அக்கிரமம் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் கொடுக்கப் போகிறவனுக்குப் பார்த்துக் கொடுக்கிற உரிமை உண்டு. வண்டி நொறுங்கிக் கிடக்கும்போதே சர்வேயர் வந்து பார்த்தால்தான் எது புது அடி, எது பழைய சொட்டை என்று தெரியும். திருட்டுப் போன லாரி மாநில எல்லை தாண்டுவதற்கு முன் தேட வேண்டும். இதெல்லாம் நியாயம். இந்த நியாயத்துக்காகத்தான் "உடனடியாக" என்ற சொல் பாலிசியில் ஏறியது. ஏறிய பிறகு அது செய்த வேலையே வேறு. உண்மையைக் கண்டுபிடிக்கக் கொடுத்த கருவியை, உண்மை தெரிந்த பிறகும் காசு கொடுக்காமல் இருப்பதற்கான சாக்காக மாற்றிக்கொண்டார்கள்.

தெரியாமல்தான் இருந்தார்களா என்று பார்ப்போம். நம் ஊரில் ஒருவர் விபத்தில் செத்தால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள். நகரச் செயலாளர் மாலையோடு வந்துவிடுகிறார். ஜி.எச். வாசலில் நிற்கிற கேஸ் புரோக்கருக்கு, ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும் முன்பே தெரியும். நம் பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்புகிற, பாலிசி முடிவதற்கு மாதக்கணக்கில் முன்னாலிருந்தே குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல், கால் சென்டர் அம்மணி என்று நாலு திசையிலிருந்தும் நினைவூட்டுகிற கம்பெனிக்கு மட்டும் அந்தச் சாவு எட்டவே எட்டாது. பிரீமியம் வரும் திசைக்குக் காது பாம்புச் செவி; பணம் போகும் திசைக்கு மட்டும் செவிடு.

வண்டி திருட்டுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். "அக்கம்பக்கத்துல நல்லாத் தேடிப் பாத்தீங்களா? சொந்தக்காரப் பசங்க யாராச்சும் எடுத்திருக்கப் போறாங்க. ரெண்டு நாள் பாத்துட்டு வாங்க" என்பார் ரைட்டர். இரண்டு நாள் கழித்துப் போனால் கையில் புகார் ரசீதாக ஒரு சி.எஸ்.ஆர். சீட்டு. எஃப்.ஐ.ஆர். வேண்டுமென்றால் ஐயா வரணும்; ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கார். அந்த எஃப்.ஐ.ஆர். நகலோடு கம்பெனிக்குப் போனால், கழுத்துப்பட்டி கட்டிய தம்பி மிகுந்த வருத்தத்தோடு கேட்கிறார்: "ஏன் சார் உடனே வரல?" போலீஸ் சொன்னதால் தாமதித்தேன் என்று எழுதிக் கொடுத்தால், போலீஸ் அப்படிச் சொன்னதற்கு அத்தாட்சி கேட்பார்.

ஒரு லாரி முதலாளிக்கு இப்படித்தான் 8 நாள் தாமதம் என்று கோரிக்கையைத் தள்ளினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். வண்டி தொலைத்தவன் முதலில் வண்டியைத்தான் தேடுவான், கம்பெனிக்கு ஓட மாட்டான் என்ற, நம் தெருமுனை டீக்கடையில் யாரும் சொல்லிவிடக்கூடிய உண்மையை, 2017 அக்டோபரில் நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் தீர்ப்பாக எழுதித் தர வேண்டியிருந்தது. அதுவும் போதவில்லை. வேறொரு தீர்ப்பு வேறு மாதிரி இருக்கிறதென்று, மூன்று நீதிபதிகள் அமர்வு கூடி, ஒரு டிராக்டர் வழக்கில் 2020 ஜனவரியில் மறுபடி சொன்னது: திருட்டுப் போன உடனே போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் சிகரம் ஜெய்னா கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கு. 2007 நவம்பர் 4 அன்று லாரியைக் கொள்ளையடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே எஃப்.ஐ.ஆர். பதிவானது. போலீஸ் ஆட்களைப் பிடித்து வழக்கும் போட்டது, லாரிதான் கிடைக்கவில்லை. எதிலும் பொய் இல்லை, யாரும் பொய் என்று சொல்லவும் இல்லை. ஆனால் பொதுத்துறைக் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்ல ஐந்து மாதம் ஆகிவிட்டது. அந்த ஐந்து மாதத் தாமதம் மன்னிக்க முடியாதது என்று கண்டுபிடித்து மறுப்புக் கடிதம் எழுதக் கம்பெனிக்கு 2010 வரை ஆயிற்று. நுகர்வோர் மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று படியேறி, உச்ச நீதிமன்றத்தில் லாரிக்காரர் பக்கம் தீர்ப்பானது 2022 பிப்ரவரி 11. ஐந்து மாதம் தாமதித்தவருக்குப் பதினான்கு ஆண்டு தண்டனை. அதைத் தாமதம் என்று எவனும் சொல்லவில்லை, சட்ட நடைமுறை என்று சொன்னார்கள்.

இதில் இன்னொரு அழகு. ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. தாமதம் என்ற ஒற்றைக் காரணத்தைக் காட்டி உண்மையான கோரிக்கைகளைத் தள்ளாதீர்கள். ஏன் தாமதமானது என்று விசாரித்துப் பதிவு செய்யுங்கள். சரியான நேரத்தில் வந்திருந்தாலும் இந்தக் கோரிக்கை தள்ளுபடிதான் ஆகியிருக்கும் என்று உங்களுக்கே திருப்தியானால் மட்டும் தள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அந்தத் தாள் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பத்தாண்டு காலம் அதே வாதத்தைத் தூக்கிக்கொண்டு அதே கம்பெனிகள் நீதிமன்றம் நீதிமன்றமாக நின்றன. அவர்களுக்கு வந்த நோட்டீஸை அவர்கள் எந்த வேகத்தில் படிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

லாரியும் டிராக்டரும் போகட்டும், அவை இரும்பு. ஆட்களுக்கு வருவோம்.

கொத்தனார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து டி.வி.எஸ். 50-இல் வருகிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னாலிருந்து ஒரு டிப்பர் தூக்கி எறிகிறது. 108 வருகிறது. ஜி.எச்.சில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் போகிறது. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய நல்ல திட்டம் அது, எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறது, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சாலையில் போலீஸ்காரர் ஒருவர் விபத்து விவரத்தைச் செல்போன் செயலியில் ஏற்றுகிறார், ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்துக் கொடுத்த மத்திய அரசின் ஏற்பாடு. ஆக, இந்த ஒரு கால் முறிந்த செய்தி இரண்டு நாளைக்குள் அரசாங்கத்தின் நாலு பதிவேடுகளில் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், டெல்லியில் இருக்கிற சர்வருக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு சட்டம் கொத்தனாரின் கட்டிலருகே வந்து கேட்கிறது: "ஏனய்யா, எனக்கு ஏன் சொல்லவில்லை?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவுக்கு 2019-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போடவில்லையென்றால் மனுவையே ஏற்கக் கூடாது என்கிறது அது. ஆறு மாதம் எதிலிருந்து? சாவிலிருந்து இல்லை, விபத்திலிருந்து. தலையில் அடிபட்டு, கோமாவில் கிடந்து, இருந்த நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போன பிறகு ஏழாவது மாத முடிவில் ஒருவர் கண்ணை மூடினால், அதற்குள் மனு ஏதும் போடப்படாமல் இருந்தால், சட்டத்தின் எழுத்துப்படி அவர் காலம் கடந்து செத்தவர். செத்த அன்றே அவர் மனைவிக்குக் கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

நம் ஊர்களில் புருஷன் செத்த பெண்ணைப் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் நாலு சுவருக்குள் உட்கார வைக்கிறோம். அதற்குப் பிறகும் பல சாதிகளில் மாதக்கணக்கில் வாசல் தாண்ட விடுவதில்லை. அது தனி அநியாயம். இங்கே எழுத இடமில்லை. அவள் வெளியே வந்து, வாரிசுச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அலைந்து, எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், எம்.வி.ஐ. ரிப்போர்ட், வண்டியின் இன்சூரன்ஸ் நகல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ் படியேறி முடிக்கும்போது தலைத் திவசம் வந்துவிடும். சட்டமோ தலைத் திவசத்துக்கு ஆறு மாதம் முன்பே கதவைச் சாத்திவிட்டது. வாரிசுச் சான்றிதழ் கொடுக்கத் தாசில்தார் எடுத்துக்கொண்ட மாதங்களை யாருடைய கணக்கில் கழிப்பது?

கால வரையறை என்றாலே எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தைப் புரட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்த கடனுக்குப் புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தால் வழக்குப் போட மூன்று ஆண்டு. நிலத்தை எவனாவது வளைத்துப் போட்டுக்கொண்டால் மீட்க 12 ஆண்டு. அரசாங்கம் உங்கள் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால்? முப்பது ஆண்டு. ஆம், சட்டத் துறையும் செயலகமும் ஆயிரக்கணக்கில் வக்கீல்களும் கையில் வைத்திருக்கிற அரசுக்கு, "ஐயோ பாவம், மெதுவாக வாருங்கள்" என்று முப்பது ஆண்டு. காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிற கொத்தனாருக்கு ஆறு மாதம். கைமாற்றாகக் கொடுத்த பத்தாயிரத்துக்கு இருக்கிற மரியாதையில் ஆறில் ஒரு பங்குதான் ஒரு காலுக்கு.

தெரியாமல் செய்த தவறா என்றால், அதுவும் இல்லை. 1988-இல் இந்தச் சட்டம் வந்தபோது ஆறு மாதக் கெடு இருந்தது. தக்க காரணம் காட்டினால் 12 மாதம் வரை நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் ஏற்கலாம் என்ற ஈரமும் இருந்தது. கெடு தெரியாத ஏழைகள் வரிசையாகத் துரத்தப்படுவதைப் பார்த்துவிட்டு, 1994-இல் நாடாளுமன்றமே அந்தக் கெடுவை முழுதாக நீக்கியது. அந்த நீக்கத்தைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடு எவ்வளவு என்பதே பெரும்பாலான மனுதாரர்களுக்குத் தெரியாது, அதை வைத்து அவர்களைத் திருப்பி அனுப்புவது கொடிய அநீதி என்ற பொருள்பட எழுதியது. இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே நாடாளுமன்றம் அதே கெடுவைத் தூசி தட்டி எடுத்துவந்து மாட்டியது. காரணம் காட்டினால் ஏற்கலாம் என்ற அந்த ஈர வரியை மட்டும் ஞாபகமாக வெளியே விட்டுவிட்டது. இருபத்தைந்து ஆண்டில் இந்திய விதவைகள் அத்தனை பேரும் சட்டம் படித்து முடித்துவிட்டார்கள் என்று யாரோ அமைச்சகத்துக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும்.

அடிபட்டவருக்குத்தான் கெடுவா, மற்றவர்களுக்கு இல்லையா? இருக்கிறது, ஏட்டில் நிறைய இருக்கிறது. இடித்த டிரைவர், பாலிசி நம்பர், விபத்து நடந்த இடம், நேரம், அடிபட்டவர் விவரம் எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 134-ஆம் பிரிவு சொல்கிறது. டிப்பர் டிரைவர் அன்று ராத்திரி உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதிய காட்சியை யாராவது பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பத்து நாளைக்குள் அடிபட்டவர் கையில் அவருடைய உரிமைகள் என்னென்ன என்று அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுக்க வேண்டும். 90 நாளைக்குள் விரிவான அறிக்கை. இவையெல்லாம் 2022 ஏப்ரல் 1 அன்றே, அந்த ஆறு மாதக் கெடு வந்த அதே நாளில் வந்த விதிகள். அந்தப் பத்து நாள் படிவத்தைக் கண்ணால் கண்ட தமிழ்க் குடும்பம் இருந்தால் அதைச் சட்டம் போட்டு நடு வீட்டில் மாட்டி வையுங்கள், அருங்காட்சியகத்தார் தேடி வருவார்கள்.

இன்னும் கேளுங்கள். போலீஸ் அனுப்புகிற அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே 166-ஆம் பிரிவின் அடுத்த உட்பிரிவு சொல்கிறது. அதாவது போலீஸ் தன் வேலையைத் தன் கெடுவுக்குள் செய்திருந்தால், கொத்தனாரின் மனு அவர் கட்டிலை விட்டு இறங்காமலே பதிவாகியிருக்கும். தாமதமான மனு என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் அனுப்பப்படாத ஒரு போலீஸ் அறிக்கை இருக்கிறது. 48 மணி நேரம் தவறியதற்காக ஒரு ரைட்டரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆறு மாதம் தவறியதற்கு ஒரு குடும்பத்தின் சோறு போகிறது. உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில், இந்த விதிகளை நிறைவேற்ற ஸ்டேஷன்தோறும், குறைந்தது நகரந்தோறுமாவது, பயிற்சி பெற்ற தனிப்பிரிவு அமையுங்கள், மூன்று மாதம் தருகிறேன் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் போய் அந்தத் தனிப்பிரிவு எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வேண்டுமா தம்பி என்று அன்பாகக் கேட்பார்கள்.

சொல்லாத தகவலின் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிகளின் கணக்கைப் பாருங்கள். இடித்தவன் யாரென்றே தெரியாவிட்டால் அரசே செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000-மும் தரும் திட்டம் இருக்கிறது. 2022-இல் நாட்டில் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்கள் 205. பணம் கொடுத்து முடித்தவை 95. பூஜ்யம் எதுவும் விட்டுப் போகவில்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இந்தக் கணக்கு 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. வழக்குப் போட்டவர் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், முறிந்து வருகிற எலும்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் 2012-இல் நீதிமன்றம் ஏறியவர். இப்படியொரு திட்டம் இருப்பதைப் போலீசே பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசாங்கம் ஒரு திட்டம் போட்டு, அதை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டு, நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று குடிமகனைக் கேட்கிறது. நோட்டீஸ் கொடுக்க மறந்தவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்கு நோட்டீஸ் என்றதும் இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. மூடாத பள்ளத்தில் விழுந்து இடுப்பொடிந்தவர் அரசு மேல் சிவில் வழக்குப் போட வேண்டுமானால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அரசு ஆற அமர யோசித்து, நியாயமென்றால் வழக்கில்லாமலே தீர்த்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்த நல்லெண்ணத்தின் கதியைப் பார்த்தது. பெரும்பாலான நோட்டீஸ்களுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பல் என்று கண்டு, பதில் எழுதுவதற்கென்றே ஒவ்வொரு அரசும் மூன்று மாதத்துக்குள் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றது. குடிமகன் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கு விழும். அரசு நோட்டீஸைப் படிக்காவிட்டால் ஒன்றும் விழாது, அந்தப் பள்ளத்தில் இன்னொருவர் விழுவார்.

வெள்ளைக்காரன் காலத்தில், 1923-இல் பிறந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம்கூட இவ்வளவு கல்நெஞ்சாக இல்லை. விபத்து நடந்ததும் முதலாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று அதுவும் சொன்னது. ஆனால் முதலாளிக்கு வேறு வழியில் விஷயம் தெரிந்திருந்தால், நோட்டீஸ் இல்லை என்பதற்காகத் தொழிலாளியைத் துரத்தாதே என்றும் சொல்லி வைத்தது. தெரிந்துகொள்வதுதான் நோக்கம், தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன என்கிற அந்தச் சின்ன நேர்மை நம் சொந்த நாடாளுமன்றத்துக்கு 2019-இல் வாய்க்கவில்லை.

கம்பெனிகள் தரப்பில் ஒரு பதில் இருக்கிறது: போலிக் கேஸ்கள். உண்மைதான். செய்யாத விபத்தைச் செய்ததாக எழுதி, இல்லாத வண்டியை இடிக்க வைத்து, வீட்டில் வழுக்கி விழுந்தவரை ரோட்டில் விழ வைத்துப் பணம் பறிக்கிற கூட்டம் உண்டு. அதில் வக்கீல் உண்டு, போலீஸ் உண்டு, டாக்டரும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கிற அளவுக்கு நாறியது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? போலிக் கேஸ் போடுகிறவன் ஒருநாளும் தாமதமாக வருவதில்லை. அவன் தாள்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். எஃப்.ஐ.ஆர். இருக்கும், வுண்ட் சர்டிபிகேட் இருக்கும், ஆறு மாதமென்ன, ஆறாவது வாரத்திலேயே தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. நம்பர் ஆகியிருக்கும். கெடுவைப் பார்த்துப் பயந்து, ஜி.எச். வாசலில் நிற்கிற புரோக்கரிடம் வெற்று வக்காலத்தில் கைநாட்டு வைத்து, வரப்போகிற பணத்தில் பெரும் பங்கை எழுதிக் கொடுக்கிறவள் அந்த நிஜ விதவை. தாமதமாக வருகிறவளும் அவள்தான். திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் திருடன் மட்டும் விழாமல் போகிறான் என்றால் வலை போட்டவனைச் சந்தேகிக்க வேண்டாமா?

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. ஆறு மாதக் கெடு செல்லுமா செல்லாதா என்ற வழக்கு முடிகிறவரை, காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் எந்தத் தீர்ப்பாயமும் விபத்து மனுவைத் தள்ளக் கூடாது. நல்லது. ஆனால் கெடு அமலுக்கு வந்த 2022 ஏப்ரலுக்கும் இந்த உத்தரவுக்கும் இடையில் மூன்றரை ஆண்டு. "டைம் போயிடுச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று வக்கீல் குமாஸ்தா சொன்னதைக் கேட்டு, பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு இந்த உத்தரவை யார் போய்ச் சொல்வது? அதற்கு எத்தனை மாதக் கெடு?

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உறவில், வேலையிடத்தில் 2022-க்குப் பிறகு சாலையில் அடிபட்டவரோ செத்தவரின் குடும்பமோ இருந்தால், நாள் தாண்டிவிட்டது என்று உட்கார்ந்திருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். போலீசிடம் முதல் விபத்து அறிக்கையையும் அந்த உரிமைப் படிவத்தையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட மனுவுக்கு ரசீது வாங்குங்கள். கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பியதை அச்செடுத்து வையுங்கள். பாலிசி எங்கே இருக்கிறதென்று இன்று ராத்திரியே வீட்டில் சொல்லி வையுங்கள்.

நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கும் ஒன்று. புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். 1994-இல் அந்தக் கெடுவை நீக்கிய திருத்தம் அரசிதழில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுத்து மறுபடி கொண்டு வாருங்கள். இந்த நோட்டீஸ் உங்களுக்கு உரிய காலத்தில் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்கிறோம்.